பயிர்ப் பீடைகளைப் படமெடுத்தல்: பிளாஷ் விளக்கும் துணைக் கருவிகளும்

பயிருக்கு நேர்ந்த நோவை உள்ளது உள்ளபடி தெரிவிப்பது பாதி வைத்தியமாகும். முன்பெல்லாம் நோய் கண்ட தூரைப் பிடுங்கி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு குடியானவர் இலாகா அலுவலகத்திற்கு நடந்து வருவார். வந்து சேருமுன் இலை சுருண்டுவிடும்; பூச்சி பறந்துவிடும். இக்காலத்தில் வயலில் நின்றபடியே படமெடுத்து, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திற்கோ வேளாண் அறிவியல் நிலையத்திற்கோ சில நிமிடங்களில் அனுப்பிவிடலாம்.

ஆயினும் அவ்வாறு வரும் படங்களுள் பல, பார்ப்பவருக்குப் பயன்படுவதில்லை. தூரின் அடி இருண்டிருக்கும். இலையின் மேல் வெள்ளையாய் ஒளி தெறித்துப் புள்ளி மறைந்திருக்கும். காற்றில் அசைந்த பூச்சி கலங்கித் தெரியும். அத்தகைய படத்தைக் கொண்டு யோசனை கூறுவது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதை ஒக்கும். பாக்டீரியாவால் வந்த கருகலுக்குப் பூச்சிமருந்து தெளித்தால் பணமும் நாளும் வீண். பொறிவண்டின் புழுவைத் தீங்கு செய்யும் புழு என்று கருதி மருந்தடித்தால் நம் காவலாளை நாமே கொன்றவர்களாவோம். ஆதலால் படத்தில் ஒளியைச் சரியாக அமைக்கும் முறையை நிலமுடைய விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் கற்றுக்கொள்வது அவசியம். அம்முறை கடினமானதன்று. ஒளி எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்ற இரண்டையும் கவனித்தால் போதும்.

1. காமிரா

கைப்பேசிக் காமிரா பல காரியங்களுக்குப் போதுமானதே. ஆனால் கைப்பேசியில் உள்ள விளக்கு, லென்சின் பக்கத்திலேயே நேராக எரியும் ஒரு சிறு விளக்காகும். அதனைப் பக்கவாட்டிற்கு நகர்த்த இயலாது. அதன் வலுவும் குறைவு. கைக்கடக்கமாகவும், அதே சமயத்தில் ஷட்டர் வேகத்தையும் லென்சின் துவார அளவையும் நாமே குறிக்கக்கூடியதாகவும் உள்ள உயர்தரச் சிறு காமிராக்கள் உண்டு. 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த கேனன் பவர்ஷாட் ஜி12 என்பது அவ்வகைக்கு நல்ல உதாரணம். அது இப்பொழுது புதிதாகத் தயாராவதில்லை. கைமாறிய காமிராவாகக் கிடைக்கும். எந்தக் கம்பெனியின் காமிராவாயினும் வாங்குமுன் மூன்று அம்சங்களைப் பார்க்கவும்.

(அ) காமிராவின் தலையில் வெளி பிளாஷைச் செருகும் உலோகப் பட்டை, அதாவது ஹாட் ஷூ, இருத்தல் வேண்டும். சில சிறு காமிராக்களில் இது இராது.

(ஆ) பின்புறத் திரை விரித்துத் திருப்பத்தக்கதாய் இருப்பது நலம். சேற்றில் முகம் வைக்காமல் தூரின் அடியைப் பார்க்க இது உதவும்.

(இ) துவாரம், ஷட்டர், பிளாஷின் வலு ஆகிய மூன்றையும் கையால் நிர்ணயிக்கும் வசதி இருத்தல் வேண்டும்.

இவ்வகைக் காமிராக்களின் படத்தகடு சிறியது. ஆகவே பெரிய காமிராக்களைவிட இவற்றில் முன்னும் பின்னும் அதிக ஆழம் தெளிவாக விழும். பூச்சியின் தலை தெளிந்து வால் கலங்கிப்போகும் குறை இதனால் குறைகிறது.

2. பிளாஷ் வேலை செய்யும் விதம்

பாட்டரியின் மின்சாரம் கண்டென்சர் என்னும் மின்தேக்கியில் சேமிக்கப்பட்டு, செனான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாயில் ஒரே கணத்தில் பாய்ச்சப்படுகிறது. அமெரிக்காவில் ஹரால்டு எட்ஜர்டன் என்னும் என்ஜினீயர் 1931-ஆம் ஆண்டளவில் இம்முறையைப் பண்படுத்தினார். அதற்கு முன்னர் மக்னீசியப் பொடியைக் கொளுத்திப் புகையோடு வெளிச்சம் உண்டாக்கி வந்தார்கள்.

இவ்வொளி நீடிக்கும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. வலுவைக் குறைத்தால் நேரம் இன்னும் குறுகும். காற்றில் ஆடும் நெற்பயிரும் ஓடும் புழுவும் அந்த அற்ப நேரத்தில் அசைய மாட்டா. வயலில் பிளாஷின் முதற் பிரயோஜனம் இதுவே. இருட்டைப் போக்குவது அதற்கு அடுத்த பிரயோஜனந்தான்.

3. தூரமும் வலுவும்

விளக்கிலிருந்து பொருளின் தூரம் இருமடங்கானால் வெளிச்சம் பாதியாவதில்லை. நான்கில் ஒரு பங்காகிவிடும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். இதனை மனத்தில் இருத்தினால் மற்றவை எளிதில் விளங்கும்.

ஒவ்வொரு பிளாஷுக்கும் வழிகாட்டி எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அவ்வெண்ணை மீட்டர்க் கணக்கில் தூரத்தால் வகுத்தால், ஐ.எஸ்.ஓ. 100-க்கு வைக்கவேண்டிய துவார எண் கிடைக்கும். உதாரணமாக, வழிகாட்டி எண் 24 உள்ள பிளாஷைக் கொண்டு 3 மீட்டர் தூரத்தில் நிற்பவரைப் படமெடுக்க எஃப் 8 சரியான துவாரம். 6 மீட்டர் தூரத்திற்கு எஃப் 4.

அதே பிளாஷை அரை மீட்டரில் உள்ள தூருக்கு முழு வலுவோடு உபயோகித்தால் எஃப் 48 என்று கணக்கு வரும். சிறு காமிராவில் அவ்வளவு சிறிய துவாரம் இல்லை. எஃப் 8-லேயே வைத்து எடுக்க, வலுவை 36-இல் ஒரு பங்காக்க வேண்டும். பிளாஷில் 1/32 என்ற நிலை இதற்கு மிகச் சமீபமானது. வெளிச்சத்தை மென்மையாக்கும் உறை போட்டால் ஒளி குறையும். அப்பொழுது 1/16 அல்லது 1/8 வைத்துப் பார்க்கவும்.

இக்கணக்கிலிருந்து கிராம அதிகாரிகள் அறியவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மாலை இருட்டில் ஒரு வயல் முழுவதையும் பிளாஷ் போட்டு எடுத்தால், எதிரே உள்ள இரண்டொரு வரிசை வெளுத்தும், அப்பாலுள்ள நிலம் முழுவதும் கருத்தும் விழும். சேதம் எங்கே என்று அப்படத்தில் தெரியாது. மழை தூறும்போது பிளாஷ் போட்டால், லென்சின் முன் விழும் துளிகளே வெள்ளைப் பொட்டுகளாகப் படத்தை நிரப்பும். வயலின் பரப்பைக் காட்டும் படத்திற்கு பிளாஷை அணைத்துவிட்டு, காமிராவை முக்காலியில் நிறுத்தி, மெதுவான ஷட்டரில் எடுக்கவும். விரலால் அழுத்தும் அசைவு சேராதிருக்க 2 விநாடித் தாமதப் பொத்தானை உபயோகிக்கவும்.

4. வெயிலும் பிளாஷும்

பகலில் எடுக்கும் பிளாஷ் படத்தில் இரண்டு வெளிச்சங்கள் கலக்கின்றன. துவாரத்தைச் சிறிதாக்கினால் இரண்டும் குறையும். ஷட்டரின் வேகத்தைக் கூட்டினால் வெயிலின் பங்கு மாத்திரம் குறையும். பிளாஷின் பங்கு குறையாது, ஏனெனில் அது கணத்தில் முடிந்துவிடுகிறது.

உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8 வைத்தால் சுமார் 1/400 விநாடி சரியாக இருக்கும். பெரிய காமிராக்களில் பிளாஷுக்குரிய ஷட்டர் வேகம் பெரும்பாலும் 1/200 அல்லது 1/250-க்கு மேற்படாது. லென்சுக்குள்ளேயே ஷட்டர் அமைந்த சிறு காமிராக்கள் சில இதைத் தாண்டியும் இயங்கும். உங்கள் காமிராவின் எல்லையை, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, பிளாஷின் வெளிச்சம் எங்கே குன்றுகிறது என்று வீட்டிலேயே சோதித்துக் குறித்துக்கொள்ளவும்.

எல்லை குறைவாக இருப்பினும் கவலை வேண்டா. ஒரு கறுப்புக் குடையை விரித்துப் பயிரின் மேல் நிழல் விழச் செய்து, ஷட்டரை 1/250-இல் வைத்தால், வெயிலின் பங்கு அடங்கி பிளாஷே படத்தை ஆளும். குடையும் இவ்வேலையில் ஒரு துணைக் கருவியே.

5. ஒளியின் திசை

காமிராவோடு பிறந்த சிறு பிளாஷ் மூன்று தீங்குகளைச் செய்கிறது. மிக அருகில் எடுக்கும்போது லென்சின் குழாயே பொருளின் மேல் நிழலாக விழுகிறது. நேரே வரும் ஒளி மேடு பள்ளங்களை அழித்துத் தட்டையாக்குகிறது. வழவழப்பான இலையிலும் வண்டின் ஓட்டிலும் தெறித்து லென்சுக்கே திரும்பி வருகிறது.

பிளாஷைக் கம்பி வடத்தின் மூலம் காமிராவிலிருந்து பிரித்து, இடக்கையில் பிடித்துப் பக்கவாட்டில் சுமார் 45 டிகிரி சாய்வாகக் காட்டினால் இம்மூன்றும் நீங்கும். இதை மனத்தில் பதியவைக்க, வீட்டில் ஒரு பயிற்சி செய்யவும். மேசையின் மேல் ஒரு தென்னோலைத் துண்டையும் நாலைந்து நெல்மணிகளையும் வைக்கவும். முதற் படம் நேர் பிளாஷில்; இரண்டாவது பக்கவாட்டில்; மூன்றாவது பக்கவாட்டிலேயே மெல்லிய வெள்ளைத் துணி மறைப்புடன்; நான்காவது பின்புறத்திலிருந்து. நான்கையும் பெரிதாக்கிப் பார்த்தால், நெல்லின் மேலுள்ள சுணையும் வரியும் எந்தப் படத்தில் தெரிகின்றன என்பது தானே விளங்கும். பத்துப் பக்கம் படிப்பதைவிட இப்பயிற்சி மேலானது.

6. துணைக் கருவிகள்

வடம்: பிளாஷையும் காமிராவையும் இணைப்பது. தங்கள் காமிராவிற்கு உரியதையே வாங்கவும். கம்பியில்லாமல் இயக்கும் சிறு கருவிகளும் கிடைக்கின்றன.

ஒளி மழுப்பும் உறை: விற்பனைக்கு உண்டு. வெள்ளைத் துணியோ பால் நிறப் பிளாஸ்டிக் தாளோ இதே வேலையைச் செய்யும். பொருளின் அளவோடு ஒப்பிடும்போது உறை பெரிதாகவும், பொருளுக்கு அருகிலும் இருக்கவேண்டும். அப்பொழுதுதான் நிழல் மென்மையாகும்.

வெள்ளை அட்டை: பிளாஷுக்கு எதிர்ப்பக்கம் பிடித்தால் நிழற்பக்கம் துலங்கும். நிறச் சோதனைக்கும் இதுவே உதவும்.

கிட்டப்பார்வை லென்ஸ்: காமிரா லென்சின் முன் பொருத்துவது. பிளஸ் 4 என்று குறித்த கண்ணாடி, தூரத்தைப் பார்க்க அமைத்த லென்சைச் சுமார் 25 செ.மீ. தூரத்தில் தெளிவு காணச் செய்யும். காமிராவைப் பூச்சியின் மேல் ஒட்டவைக்காமல், இடையில் ஒளி புக வழிவிட்டு எடுக்க இது மிக உதவியானது.

அளவுகோல்: பள்ளிக்கூடப் பிள்ளைகளின் 15 செ.மீ. அளவுகோல் போதும். அளவு தெரியாத பூச்சிப் படம், எடை போடாத மூட்டையைப் போன்றது.

பாட்டரி: திரும்பத் திரும்ப மின்னேற்றத்தக்க நிக்கல் வகை பாட்டரிகள் இரண்டு தொகுதி வைத்துக்கொள்ளவும். ஒவ்வொரு முறையும் தயார் விளக்கு எரிந்த பின்னரே அடுத்த படம் எடுக்கவும். அவசரப்பட்டால் ஒளி குறைந்த படமே விழும்.

7. நிறம்

மணிச்சத்துக் குறைவா, தழைச்சத்துக் குறைவா, நோயா என்பதைப் பல சமயங்களில் இலையின் நிறத்தைக் கொண்டே ஊகிக்கிறோம். காமிரா தானாக நிறத்தைச் சரிசெய்யும் நிலையில் இருந்தால், பச்சைப் பயிரின் நடுவே மஞ்சள் இலையின் சாயலை அது மாற்றிவிடக்கூடும். ஆகவே வெண்மைச் சமன் என்ற அமைப்பை பிளாஷ் குறியில் நிலையாக வைக்கவும். முதற் படத்தில் மட்டும் இலைக்குப் பக்கத்தில் வெள்ளை அட்டையை வைத்து எடுத்தால், பார்ப்பவர் நிறத்தை ஒப்பிட்டுக்கொள்வார். படத்தை அழகுபடுத்தும் வண்ணப் பூச்சு எதனையும் சேர்க்கலாகாது.

8. வயலில் நான்கு பாடங்கள்

நெல்லில் புகையான்: இது நீர்மட்டத்திற்குச் சற்று மேலே தூரின் அடியில் கூட்டமாய் அமர்ந்து சாற்றை உறிஞ்சும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. பயிரை இருபுறமும் விலக்கி, திரையை மேல்நோக்கித் திருப்பி, காமிராவை நீருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடிக்கவும். பிளாஷை உறையுடன் பக்கத்திலிருந்து காட்டவும். பின்னணி இருண்டிருப்பதால் தானியங்கி பிளாஷ் அதிக வெளிச்சம் கொட்டும். அளவை ஒரு படி குறைக்கவும். புகையானை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்புவது போதாது. தூர் ஒன்றில் சிலந்தி எத்தனை என்பதும் படத்தில் தெரியவேண்டும். சிலந்தி இல்லாதபோது கிளைப்பு ஒன்றுக்கு 1 புகையான் என்பது மருந்து தெளிக்கும் எல்லை. குத்துக்கு 1 சிலந்தி இருக்குமாயின் கிளைப்புக்கு 2 புகையான் வரை பொறுக்கலாம். ஒரே படம் மருந்துச் செலவைத் தீர்மானிக்கும் இடம் இது.

மக்காச்சோளப் படைப்புழு: இப்புழு இந்தியாவில் முதன்முதல் 2018-ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் காணப்பட்டது, பின்னர் நம் மாவட்டங்களிலும் பரவியது. பகலில் குருத்துக்குள் ஒளிந்திருக்கும். குருத்தினுள் கழிவு குவிந்திருப்பதை மேலிருந்து ஒரு படமும், புழுவை வெளியே எடுத்து வெள்ளை அட்டையில் வைத்து இரண்டு படங்களும் எடுக்கவும். தலையில் தலைகீழான ஆங்கில ஒய் எழுத்தைப் போன்ற வெளிறிய கோடும், வாலுக்கு முந்திய கண்டத்தில் சதுரமாய் அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் இதன் அடையாளங்கள். புழுவின் உடல் பளபளப்பானது. நேர் பிளாஷ் இவ்விரண்டு அடையாளங்களையுமே அழித்துவிடும். ஆதலின் பெரிய உறையைக் கட்டாயம் உபயோகிக்கவும்.

இலைப் புள்ளிகள்: குலைநோயின் புள்ளி, இருமுனையும் கூரிய கண் வடிவில், நடுவே சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமும் கொண்டிருக்கும். செம்புள்ளி நோயின் புள்ளி சிறிதாய் நீள்வட்டமாய் இருக்கும். இவற்றை வேறுபடுத்திக் காட்ட, இலையை அட்டையின் மேல் தட்டையாக விரித்து, பனி உலர்ந்த பின்னர், சாய்ந்த ஒளியில் எடுக்கவும்.

பாக்டீரியா இலைக்கருகல்: கருகிய ஓரத்தையும் பச்சைப் பகுதியையும் சேர்த்து நறுக்கிய துண்டைத் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டால், சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற கசிவு இறங்கும். இதனைப் படமெடுக்க, குவளைக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டி, பிளாஷைக் குவளையின் பக்கத்திலிருந்து காட்டவும். கசிவு கறுப்பின் முன்னே வெண்புகைபோல் விளங்கும். முன்னாலிருந்து அடித்தால் கண்ணாடியின் மினுக்கு ஒன்றே விழும். பூச்சிமருந்து வீணாகாமல் தடுக்கும் அத்தாட்சியாக இப்படம் அமையும்.

9. படங்களை அனுப்பும் முறை

ஒரு நோய்க்கு மூன்று படங்கள் அனுப்பவும். முதலாவது, வயலில் பாதிப்பு எவ்வாறு பரவியுள்ளது என்பதைக் காட்டும் தூரப் படம், பிளாஷ் இன்றி. இரண்டாவது, ஒரு முழுச் செடி, வேர் உட்பட. மூன்றாவது, அளவுகோலுடன் கூடிய அருகுப் படம். இவற்றுடன் இரகம், நட்ட தேதி, இட்ட உரம், தெளித்த மருந்து, நீர் நிலைமை ஆகியவற்றை எழுதவும். இடமும் நேரமும் பதிவாகும்படி கைப்பேசியிலும் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

2016-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறுத்துப் பரப்பிய பயிர் பருவந்தவறிய மழையில் கெடுவது போன்ற சேதங்களை 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். அந்நேரத்தில் காமிராவைப் புதிதாகக் கற்க ஆரம்பிப்பது காரியத்திற்கு உதவாது. எடுத்த மூலப் படங்களை அழிக்காமலும் திருத்தாமலும் வைத்திருக்கவும்.

10. ஜாக்கிரதைகள்

பிளாஷின் மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் மின்சாரம் தங்கியிருக்கும். பாட்டரியை எடுத்த பின்னும் ஆபத்து உண்டு. பழுதானால் தாமே திறக்கலாகாது. மிகப் பழைய பிளாஷ்கள் சிலவற்றின் தூண்டு முனையில் உயர்ந்த மின்னழுத்தம் இருப்பதால், அவற்றைத் தற்காலக் காமிராவில் செருகினால் காமிரா கெடக்கூடும். குழந்தைகளின் கண்ணுக்கருகிலும், வண்டியில் பூட்டிய மாட்டின் எதிரிலும் பிளாஷ் அடிக்க வேண்டா.

மழைக்காலத்தில் லென்சில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் காமிராவை வைக்கவும். ஈரம் ஏறிய பொட்டலத்தை மாற்றவும். நெடுநாள் உபயோகிக்காதபோது பாட்டரிகளை வெளியே எடுத்துவிடவும். மருந்து தெளித்த கையால் காமிராவைத் தொடலாகாது.

11. முடிவுரை

ஒவ்வொரு குடியானவரும் தனித்தனியே இக்கருவிகளை வாங்கவேண்டும் என்பதில்லை. உழவர் குழுவோ கூட்டுறவுச் சங்கமோ ஊருக்கு ஒரு காமிராவும், ஒரு பிளாஷும், ஒரு வடமும் வாங்கி, ஆர்வமுள்ள இரண்டு இளைஞர்களுக்குப் பழக்கிவைத்தால் போதும். நடவு தொடங்குமுன் உள்ள ஓய்வு நாட்களில் மேற்கூறிய மேசைப் பயிற்சியைச் செய்து, பிளாஷின் வலுவையும் தூரத்தையும் ஒரு சிறு சீட்டில் எழுதிக் காமிராப் பையில் ஒட்டிவைக்கவும். பீடை கண்ட அன்றே தெளிவான படம் புறப்படுமாயின், தக்க யோசனையும் காலத்தில் வந்து சேரும், தேவையற்ற தெளிப்பும் குறையும், விளைவும் காக்கப்படும்.